திரும்பி உட்கார்ந்தவள்

அந்த வளவில் எட்டு வீடுகள். நடுவில் கிணறு. இந்தப் பக்கம் நான்கு வாசல், எதிரில் நான்கு வாசல். மற்ற ஏழு வீட்டுக் கதவுகளும் வேலைக்குத் தகுந்தபடி திறக்கும், சாத்தும். கிணற்றுக்குத் தென்புறம் மூன்றாம் வீட்டின் கதவு மட்டும் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை, இரண்டு பலகையும் சுவரோடு ஒட்ட, திறந்தே கிடக்கும். சாரல் உள்ளே அடித்தாலும் அவள் சாத்தமாட்டாள். சாக்கை வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு அப்போது இருபது வயது இருக்கலாம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். ரயில் என்ஜினில் கரி தள்ளும் வேலையில் இருந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாக வந்தவள். முதல் மனைவி காய்ச்சலில் இறந்தபோது விட்டுப்போன பெண் குழந்தையை இவள் வளர்த்துவந்தாள். கணவர் வாரத்தில் நான்கு நாள் ஊரில் இருக்கமாட்டார். இருக்கும் நாட்களில் தூங்குவார்.

நான் சென்னையில் சுகாதாரப் பயிற்சி முடித்து, மதுரையில் குழந்தை நல நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. தெற்கு வாசலை ஒட்டிய சந்துகளை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை போட வேண்டும், தாய்மாருக்கு ஆகாரம் பற்றிச் சொல்ல வேண்டும். என் பையில் கொக்கித் தராசு, அதில் மாட்டும் துணித் தொட்டில், அளவு நாடா, மீன் எண்ணெய்ப் புட்டி, நோட்டு, பென்சில் இரண்டு. எல்லோரும் என்னை நர்சம்மா என்றே கூப்பிட்டார்கள். நான் நர்ஸ் இல்லை என்று மூன்று முறை திருத்திவிட்டு விட்டுவிட்டேன்.

முதல் தடவை அவள் குழந்தையை எடை போடப் போனபோது அவளே குனிந்து குழந்தையின் வெள்ளிக் கொலுசைக் கழற்றினாள். அரைஞாணைக் கழற்றினாள். கையிலிருந்த கறுப்பு வளையல்களையும் உருவினாள். வேறு எந்த வீட்டிலும் நான் கேட்டால்கூடக் கழற்றமாட்டார்கள். எடை கூடுதலாகத் தெரியட்டுமே என்று பேசாமல் இருப்பார்கள்.

"இது எல்லாம் சேர்ந்தாலும் அரைக்கால் பவுண்டு இருக்காதே" என்றேன்.

"இருக்கட்டும் நர்சம்மா. நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாதுல்ல" என்றாள்.

ஒரு வயது ஒன்பது மாதக் குழந்தை. பதினேழரை பவுண்டு. என் நோட்டில் அந்த வயதுக்கு நேரே அச்சிட்டிருந்த எண்ணை அவளுக்குக் காட்டவில்லை. ஆனால் நான் பென்சிலை நிறுத்தியதை அவள் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு இரண்டு குரல்கள் இருந்தன. குழந்தையோடு பேசும்போது வளவு முழுவதற்கும் கேட்கும் குரல். "இந்தா பாப்பா, நெய்ச்சோறு. பாப்பாக்கு இன்னைக்குப் பருப்பும் நெய்யும். ஆ சொல்லு பாப்பா." என்னோடு பேசும்போது உதடு மட்டும் அசையும். அவள் சொல்வதைக் கேட்க நான் குனிய வேண்டியிருக்கும். நாள் முழுவதும் அந்த வளவில் ஓங்கி ஒலித்தது அவள் குரல்தான். அதற்குப் பதில் சொல்ல ஒருவருமில்லை. குழந்தையும் அதிகம் பேசாது. அவள் கிணற்றடிக்குப் போனால் அங்கே பேசிக்கொண்டிருப்பவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஊட்டுவதும் வாசற்படியில்தான். வெள்ளிக் கிண்ணத்தில் பச்சரிசிச் சோற்றைக் குழைத்து, நெய் மினுமினுக்க எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். யுத்தத்தினால் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அந்த வளவில் வேறு யாரும் தங்கள் பிள்ளைகளை வாசலில் வைத்து ஊட்டமாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மறைத்துத்தான் ஊட்டுவார்கள். இவள் ஊட்டுவதை மட்டும் அவர்கள் பார்த்தாக வேண்டியிருந்தது. எதிர் வீட்டுக்காரி முறத்தோடு வந்து உட்காருவாள். இன்னும் இரண்டு பேர் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள்.

"வாயத் தெறக்கச் சொல்லு."

"எம் பிள்ளையா இருந்தா இந்நேரம் ரெண்டு கிண்ணம் உள்ள போயிருக்கும்."

"கையி ராசி வேணும்ல அதுக்கு."

குழந்தை எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும். பிறகு உதட்டை இறுக்கிக்கொள்ளும். வாயில் போய்விட்ட உருண்டையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு அரை மணி நேரம் இருந்துவிட்டுத் துப்பும். அவள் அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் அடுத்த உருண்டையை உருட்டுவாள்.

இதில் என் பங்கும் உண்டு. ஆகாரம் பற்றி நிலையத்தில் எனக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். பால், பருப்பு, கீரை, கேப்பை, முட்டை, பழம், மணி தவறாமல் ஊட்டுதல் என்று போகும் அது. அதில் ஒரு குறிப்பு, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்து ஊட்டவும் என்பது. நான் அதை வாசித்ததும் அவள் எதிர் வீட்டுப் பக்கம் திரும்பி, "கேட்டீகளாக்கா, வாசல்ல வச்சுத்தான் ஊட்டணுமாம்" என்றாள் பெரிய குரலில். கீரை, கேப்பை என்று நான் சொன்னதற்கெல்லாம் "ஆகட்டும்" என்றாள். ஒரு நாளும் கொடுக்கவில்லை. மூன்று மாதம் நானும் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதத்தில் குழந்தை ஏறியது கால் பவுண்டு.

குழந்தையின் தாய்மாமன் அவனியாபுரத்தில் தோட்டம் வைத்திருந்தார். மாதம் ஒரு முறை பழமும் நெய்ப் புட்டியுமாக வருவார். இறந்துபோன தங்கையின் பிள்ளை. குழந்தையைத் தூக்கிப் பார்ப்பார், கீழே விடுவார். அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிடமாட்டார். ஆவணியில் ஒருநாள் நான் இருக்கும்போதே சொன்னார். "இந்தா பாரு. தை பொறக்கட்டும். அதுக்குள்ள பிள்ளைக்கு உடம்பு தேறலேன்னா நான் தூக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் மச்சான் வந்து சொன்னாலும் விட மாட்டேன்."

அவர் போனபின் நான் அவளிடம், கொண்டு போனால்தான் என்ன, உங்களுக்கும் இந்தப் பேச்செல்லாம் ஓயுமே என்றேன். யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

அவள் தன் சின்னக் குரலில் சொன்னாள். "நான் கிணத்தடிக்குப் போனாக்கூட அது அழுகுது நர்சம்மா. நான் போனா அழுகுறதுக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

அவள் பிறந்த ஊர் கப்பலூர் பக்கம். எட்டு மைல்கூட இருக்காது. கல்யாணமாகி வந்தபின் ஒரு முறையும் போகவில்லை. குழந்தையை விட்டுவிட்டுப் போனால் ஒரு பேச்சு, தூக்கிக்கொண்டு போனால் இன்னொரு பேச்சு. அழ வேண்டியிருந்தால் அடுப்பை ஊதுவாள். புகை வருவதற்கு முன்பே கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நானும் அந்த வருடம் ஒரு மாடி அறையில் தனியாக, எடுப்புச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். அவள் தனிமை எனக்குப் புரிந்தது என்றுகூட அவளிடம் நான் சொன்னதில்லை.

ஐப்பசியில் ஒரு பகல். மேலே விமானம் வந்து குண்டு போடும் என்ற பயம் ஊரில் இருந்தது. மில் சங்கு நேரமில்லாத நேரத்தில் விட்டுவிட்டு ஊதினால் ஒத்திகை என்று அர்த்தம். வெளியே இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்த வேண்டும். அடுத்த சங்கு வரை திறக்கக் கூடாது. சங்கு ஊதியபோது நான் அவள் வீட்டு வாசலில் இருந்தேன். கையில் பட்டை கட்டிய தொண்டர் ஒருவர் வளவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"சாத்துங்க, சாத்துங்க. ஏம்மா மூணாம் வீடு, ஒனக்குத் தனியா வெத்தலபாக்கு வைக்கணுமா?"

அவள் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அந்த வீட்டுக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கதவின் பலகைகளுக்கு நடுவே விரற்கடை இடைவெளி இருந்தது. இருவரும் அதில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெறும் கிணறும் காயப்போட்ட சேலைகளும் தெரிந்தன. ஒருவர் முகமும் இல்லை. அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கால் மணி நேரம் இருக்கும்.

பின்னால் ஏதோ தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினோம். அடுப்பு மூலையில் அவள் தனக்கென்று எடுத்து வைத்துப் பாதியில் விட்டிருந்த தட்டு. கேப்பைக் களியும் முருங்கைக்கீரையும். குழந்தை குத்துக்காலிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, களியைப் பிய்த்து, கீரையில் தேய்த்து, வாயில் திணித்துக்கொண்டிருந்தது. முழங்கை வரை பச்சை. தட்டில் முக்கால்வாசி காலி. நாங்கள் பார்ப்பதைக் கண்டதும் கை பாதியில் நின்றது.

நான் அவள் தோளைத் தொட்டு மறுபடி கதவுப் பக்கம் திருப்பினேன். சற்று நேரத்தில் தட்டு மறுபடி உரசியது.

"கேப்பையவா தின்னுது?" என்றாள், ஏதோ குற்றம் நடந்துவிட்டதுபோல். "வெளிய சொல்லிறாதீக நர்சம்மா. மூத்தவ பிள்ளைக்குக் கேப்பையும் கீரையும் போட்டு வளக்குறான்னு பேராயிரும்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. வளவு பார்க்கட்டும் என்று வெள்ளிக் கிண்ணத்தில் சோறும் நெய்யும். வளவு பார்க்காத மூலையில் தனக்குக் களியும் கீரையும். குழந்தைக்கு வேண்டியிருந்தது அந்த மூலைத் தட்டும், யாரும் பார்க்காத கால் மணி நேரமும். இந்த இரண்டையும்தான் அவளால் கொடுக்க முடியவில்லை. கதவைச் சாத்தினால், உள்ளே பட்டினி போடுகிறாள் என்பார்கள். திறந்திருந்தால் பிள்ளை சாப்பிடாது.

"சாத்துங்கள். நான் வெளியே உட்காருகிறேன்" என்றேன்.

திங்கள், புதன், வெள்ளி. பகல் பதினொன்றரைக்கு நான் அவள் வாசற்படியில் உட்கார்ந்து என் நோட்டை எழுதுவேன். உள்ளே கதவு சாத்தியிருக்கும். மற்ற நாட்களில், வளவுப் பெண்கள் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போகும் நேரம் பார்த்துச் சாத்திக்கொள்வாள். களியை மாற்றி ஒருநாள் பருப்பும் கீரையும் பிசைந்த சோறு, ஒருநாள் அவித்த முட்டை, ஒருநாள் மலைப்பழம். எதையும் ஊட்டுவதில்லை. தட்டில் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். சாத்திய கதவுக்குப் பின்னால் அந்தப் பெரிய குரல் ஒரு நாளும் எழவில்லை.

"என்ன நர்சம்மா, உள்ள ஜெயிலு, வெளிய நீங்க காவலா?" என்பாள் எதிர் வீட்டுக்காரி.

"எடை கூடுகிறது" என்பேன்.

"தராசுக்கு என்ன தெரியும்? கீரை வாசம்ல வருது உள்ளயிருந்து. நெய் வாசத்தக் காணோம்."

கார்த்திகை முதல் வாரம் பதினெட்டு பவுண்டு. கார்த்திகைக் கடைசியில் பதினெட்டே முக்கால். மார்கழி நடுவில் பத்தொன்பதரை. ஒவ்வொரு முறையும் கொலுசும் அரைஞாணும் கழற்றித்தான். அந்த எண்ணை என்னைச் சொல்லச் சொல்லி, பிறகு தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

தைக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமன் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை. நான் படியில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு சாத்தியிருக்கிறது.

"வாங்கண்ணே" என்றாள் எதிர் வீட்டுக்காரி. "நல்ல நேரத்துலதான் வந்திருக்கீக. உள்ள நடக்குறத நீங்களே பாத்துக்கங்க."

நான் எழுந்து, "ஐந்து நிமிஷம் பொறுங்கள்" என்றேன்.

"எம் பிள்ளையப் பாக்க எனக்கு என்னத்துக்கும்மா நேரங்காலம்?"

கதவைத் தள்ளினார். தரையில் பித்தளைத் தட்டு. களி. முகவாயெல்லாம் கீரையோடு குழந்தை. அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை. நான்தான் எட்டிப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாள். திரும்பினால் குழந்தை நிறுத்திவிடும்.

வந்தவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் நோட்டைத் திறந்து தேதியும் எடையுமாக முழுவதும் வாசித்தேன். ஒத்திகை நாளில் பார்த்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு குழந்தையைத் தூக்கி, கன்றுக்குட்டியைத் தூக்கிப் பார்ப்பதுபோல் இரு கைகளிலும் ஏந்திப் பார்த்தார்.

"கனத்துத்தான் இருக்கு" என்றார்.

அவள் எழுந்து நின்றிருந்தாள். "தேறலேன்னாத்தான தூக்கிட்டுப் போவேன்னீகண்ணே. தேறிருச்சுல்ல" என்றாள். அதுவும் சின்னக் குரலில்தான்.

"தேறிருச்சு. நீதான் தேத்துன. நர்சம்மா சொன்னத நான் நம்புறேன்." வெளியே கிணற்றுச் சுவரில் நின்றிருந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஆனா, கதவச் சாத்தினாத்தான் பிள்ள திங்கும்னா, இந்த வளவு அதுக்கு வேணாம் தங்கச்சி. இன்னிக்குச் சோத்துக்குச் சாத்துற. நாளைக்கு அது ஓடி வெளையாடுறதுக்கும் சாத்தணும். எங்க தோட்டத்துல மாடு கன்னுக்கு நடுவுல கெடந்து திங்கட்டும். அது வாயி எவனுக்கும் வேடிக்க கெடையாது."

அவர் அவளை முறை சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதும் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அவள் குழந்தையின் முகவாயை ஈரத்துணியால் துடைத்தாள். இரண்டு நாள் கழித்து வந்த கணவர், "போகட்டும், ஒனக்கும் வேல கொறயும்" என்றாராம்.

புதன்கிழமை கூட்டிப்போவதாக ஏற்பாடு. செவ்வாயன்று அவள் சொல்லியனுப்பி நான் போனேன். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். "மாமன் பொண்டாட்டிக்கு வெவரமா எழுதணும்" என்றாள். நான் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். அவள் சொல்லச் சொல்ல எண் போட்டு எழுதினேன். கேப்பைக் களியில் கட்டி இருந்தால் துப்பிவிடும். கீரைக்கு ஒரு பல் பூண்டு, மிளகாய் கூடாது. முட்டையில் மஞ்சளை முதலில் கொடுத்தால் வெள்ளையையும் தின்னும், மாற்றிக் கொடுத்தால் இரண்டையும் தின்னாது. பழத்தைத் தோலோடு கையில் கொடுக்க வேண்டும், உரித்துக் கொடுத்தால் கோபம். தட்டை வைத்துவிட்டுத் திரும்பி உட்கார வேண்டும். "தின்னு" என்று சொல்லவே கூடாது.

"இன்னொண்ணு" என்றாள். "தின்னு முடிச்சா சொல்லாது. பின்னாடி வந்து நம்ம முதுகுல சாஞ்சுக்கும், ஈரக்கையோட. அப்பத்தான் திரும்பணும்."

படியில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் எனக்குத் தெரியாத விஷயம் அது. பென்சிலை நிறுத்தினேன். "இதையும் எழுதவா?"

அவள் யோசித்தாள். தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "எழுதுங்க. இல்லேன்னா எப்ப முடிஞ்சுதுன்னு அவுகளுக்குத் தெரியாது" என்றாள். பிறகு, "நான் சொன்னேன்னு எழுதிறாதீக. நீங்க சொன்னதா எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எம் பேரப் பாத்தா செய்யுறதுக்கு யோசிப்பாக."

மாதம் ஒரு முறை எடை பார்க்க நிலையத்துக்குக் கொண்டு வரவும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அந்தத் தாளில் நானாக எழுதியது அது ஒன்றுதான். கீழே என் பெயரைப் போட்டேன்.

தையிலும் மாசியிலும் அவர்களால் வர முடியவில்லை. பங்குனிக் கடைசியில் மாமன் மனைவி வண்டி கட்டிக்கொண்டு குழந்தையோடு நிலையத்துக்கு வந்தாள். இருபத்திரண்டு பவுண்டு. கன்னத்தில் சதை வந்திருந்தது. மற்ற தாய்மார் நடுவே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க எழுதிக் குடுத்ததுல ஒரு வரி மாத்தல நர்சம்மா. அம்புட்டும் அப்பிடியே இருக்கு. தின்னு முடிச்சதும் வந்து முதுகுல சாயுது பாருங்க, எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போகும். எங்கருந்துதான் இதெல்லாம் படிக்கிறீகளோ."

"படித்ததுதான்" என்றேன்.

அன்று மாலை வேலை முடிந்து வளவுக்குப் போனேன். அவள் தெருக் குழாயடியிலிருந்து அப்போதுதான் குடத்தோடு வந்திருந்தாள். இருபத்திரண்டு என்றேன்.

"அம்புட்டா?" என்றாள். குடத்தை இறக்கி வைத்தாள். "இருபத்திரண்டு" என்று தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "எழுதினபடிதான் செய்யிறாகளா?"

"ஆமாம்."

"எல்லாமா?"

"எல்லாம்தான்" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பால் குடத்தின் வாயைத் துடைத்தாள். பிறகு ஈரமில்லாத இடத்தையும் துடைத்தாள்.

"அப்பச் சரி" என்றாள்.